நாய்க்குட்டி வீட்டுக்கு வரமுன் பிள்ளையைப் பழக்குவது எப்படி? யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாய்க்குட்டி வேண்டுமென்று பிள்ளை அடம்பிடிக்கத் தொடங்கியதும் பெரியவர்களின் யோசனை கூடு, சங்கிலி, சாப்பாடு என்றே ஓடும். ஆனால் முதலில் ஆயத்தப்படுத்த வேண்டியது பிள்ளையைத்தான். விசர் இருக்கலாமெனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குட்டி வருவதற்கு இரண்டு கிழமை முன்பே தொடங்கிவிடுங்கள்.

படி 1: பொறுப்பைப் பிரியுங்கள்

காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் வகுப்பு. இதற்குள் ஒரு பிள்ளையால் நாயை முழுதாகப் பார்க்க முடியாது. சாப்பாடு, ஊசி, வைத்தியர் மூன்றும் பெரியவர் ஒருவரின் பொறுப்பில் இருக்கட்டும். 5 வயதுப் பிள்ளை தண்ணீர்க் கோப்பையை நிரப்பலாம். 10 வயதுப் பிள்ளை உண்ணி, தெள்ளு இருக்கிறதா என்று உங்களோடு சேர்ந்து பார்க்கலாம்.

பெட்டைக்குட்டி என்றால் கருத்தடையையும் இப்போதே யோசியுங்கள். வேண்டாத குட்டிகளைச் சந்தையடியிலும் கோயிலடியிலும் விட்டுவிட்டு வருவது நம் ஊரில் புதிதல்ல. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை கைவிடப்பட்ட நாய்களுக்கென்றே சரணாலயம் நடத்துகிறது. அதைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்; நாய் வளர்ப்பது எத்தனை வருடப் பொறுப்பு என்பது விளங்கும்.

படி 2: வளவை ஒழுங்காக்குங்கள்

வேலியில் பொட்டு இருந்தால் அடையுங்கள். கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் மூடி போடுங்கள். விறாந்தை மூலையில் ஒரு சாக்கை விரித்து, அதைச் சுற்றிப் பிள்ளையின் கையாலேயே சுண்ணக்கட்டியால் கோடு கீறச் சொல்லுங்கள். கோட்டுக்கு உள்ளே நாயின் இடம். நாய் அங்கே படுத்திருந்தால் யாரும் போகக்கூடாது. தானே கீறிய கோட்டைப் பிள்ளை இலேசில் மீறாது.

நம் மண்ணின் இரண்டு பெரிய பயிர்கள் நாய்க்கு நஞ்சு. சின்ன வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பந்தலில் குலைகுலையாகத் தொங்கும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொக்கிலேற்றும் ஆகாது. வெந்த கோழி எலும்பு உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். பாசத்தோடு ஊட்டுகிற பிள்ளைக்கு இவற்றை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

படி 3: பொம்மையை வைத்து ஒத்திகை பாருங்கள்

ஒரு பொம்மையை நாயாக வைத்து விளையாட்டாகவே பழக்குங்கள்:

- சாப்பிடும்போதும் நித்திரையிலும் தொடாதே.
- கட்டிப்பிடிக்காதே, வாலையும் காதையும் இழுக்காதே.
- நீ கூப்பிடு. அது வந்தால் மட்டும் நெஞ்சிலும் தோளிலும் தடவு.
- அது பாய்ந்து வந்தால் ஓடாதே, கத்தாதே. கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி அசையாமல் நில்.

வாலாட்டுகிற நாயெல்லாம் சந்தோசமாக இருக்கிறதென்று நம்பக்கூடாது. உடம்பு விறைப்பது, உதட்டை அடிக்கடி நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் ‘என்னை விடு’ என்பதற்கான அடையாளங்கள். உறுமினால் நாயை அடிக்க வேண்டாம். அடி வாங்கிய நாய் அடுத்தமுறை உறுமாமலே கடிக்கலாம்.

படி 4: முதல் நாள்

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தீபாவளி, வருடப்பிறப்பு, கோயில் திருவிழா என்று வெடி கொளுத்தும் நாட்களில் கொண்டுவருவதையும் தவிருங்கள். குட்டி வரும் நேரம் பிள்ளைகள் நிலத்தில் இருக்கட்டும். அதுவாக வந்து மணந்து பார்க்கட்டும். அயல் பிள்ளைகளை ஒரு கிழமை கழித்துக் கூப்பிடலாம். சின்னப் பிள்ளையை நாயோடு தனியே விட்டுவிட்டுக் குசினிக்குள் போகவே கூடாது.

படி 5: ஊசியும் பதிவும்

குட்டி வந்ததும் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டி, விசர்நாய் நோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து ஆகியவற்றின் திகதிகளை எழுதி வாங்குங்கள். நாயின் வயிற்றுப் பூச்சி முட்டைகள் மணல் வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும். முற்றத்தில் விளையாடிவிட்டு வந்தால் கை கழுவ வேண்டும். 1901 ஆம் ஆண்டிலிருந்தே இலங்கையில் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் உண்டு. பதிவு பற்றி மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேளுங்கள்.

படி 6: மறைக்காமல் சொல்லப் பழக்குங்கள்

எல்லாப் படியிலும் இதுவே முக்கியம். ஏச்சுக்குப் பயந்து பிள்ளைகள் சின்னக் கீறலை மறைப்பார்கள். ஆனால் கீறலாலும் தொற்றக்கூடிய விசர்நாய் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். உரிய நேரத்தில் ஊசி போட்டால் நோயை முழுதாகத் தடுக்கலாம். வீட்டு நாய், தெரு நாய் எதன் பல்லுப் பட்டாலும், எது கீறினாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம்.

“அம்மா, குட்டி கீறிப்போட்டுது” என்று பிள்ளை வந்து நின்றால், “ஏன் அதோட சேட்டை விட்டனீ?” என்று கேட்காதீர்கள். “சொன்னது நல்லது, வா கழுவுவம்” என்றால், அடுத்தமுறையும் உங்களிடம்தான் ஓடிவரும்.