பட்ஜெட்டைச் சொல்லுங்கள், பாஸ்புக்கைக் காட்டாதீர்கள்

ஜெர்மனியில் மேற்படிப்புக்காகப் பணம் சேர்க்கும் பிள்ளைகள் சிலர் தங்கள் வீட்டு வரவு செலவை மாதாமாதம் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறார்கள். வாடகை, மளிகை, சீட்டு, நகைக்கடன் வட்டி, கடைசியில் மிச்சம். வீட்டுப் பெரியவர்களுக்கு இது பிடிப்பதில்லை. பிள்ளைகளுக்கோ இதில் ஆபத்தே தெரிவதில்லை. இரு தரப்பிலும் சில தவறான நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: சேமிப்பை வெளியே சொன்னால் கண் பட்டு, காரியம் கெட்டுவிடும்.

காரியத்தைப் பெரும்பாலும் கெடுப்பது மௌனம்தான். என்ன செலவாகும் என்று யாரும் யாருக்கும் சொல்லாத ஊரில் ஏஜென்ட் சொன்னதே விலை. ஜெர்மனி மாணவர் விசாவுக்கு இந்தியர்களுக்குத் தேவையான, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். விசா கட்டணம் 75 யூரோ. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. இந்தக் கணக்கை ஏற்கெனவே பார்த்திருக்கும் குடும்பம், லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட்டிடம் ‘எதற்கு இவ்வளவு?’ என்று கேட்கும். வளைகுடா வேலைக்கும் இதேதான். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணமாக எதுவும் வாங்கக் கூடாது என்பது இந்திய அரசின் விதி. பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்துப் போனார் என்பது தெரியாததால்தான் அதற்கு மேலும் கைமாறுகிறது. செலவை ஊரறியச் சொல்லும் பிள்ளை, பின்னால் வரும் பத்துக் குடும்பங்களுக்கு உதவி செய்கிறது. இதைத் தடுக்கும் பெற்றோர் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒருவர் போட்ட பட்ஜெட்டை அப்படியே பின்பற்றினால் போதும்.

போதாது. ஜெர்மனிக்கான பிளாக்டு அக்கவுண்ட் தொகை, அதாவது அங்கே வாழ்க்கைச் செலவுக்கு என்று முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டிய பணம், 2024 செப்டம்பரில் 11,208 யூரோவிலிருந்து 11,904 யூரோவாக உயர்ந்தது. பழைய கணக்கை நம்பினால் 696 யூரோ துண்டு விழும். யூரோ ஒரே ஒரு ரூபாய் ஏறினாலும் உங்கள் இலக்கு 11,904 ரூபாய் கூடிவிடும். இலக்கை யூரோவில் எழுதுங்கள், ரூபாயில் எழுதாதீர்கள். பலரும் இந்தத் தொகையைக் கட்டணம் என்ற தலைப்பில் போட்டு வீட்டாரைப் பயமுறுத்துகிறார்கள். அது உங்கள் பணம். அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்கள் கைக்கே வரும். இன்னொன்று: சொந்த வீட்டில் இருப்பவரின் சேமிப்பு வேகத்தை வாடகை வீட்டுக்காரர் எட்ட முடியாது. அதற்காக மனம் நோக வேண்டாம்.

நம்பிக்கை: பெயர் போடவில்லை, அதனால் பயமில்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இது. வங்கிக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்டில் கிளையின் பெயர் இருக்கலாம். சீட்டு எடுத்த தேதி, பல்கலைக்கழகத்தின் பெயர், விமானம் ஏறும் நாள் எல்லாம் வெவ்வேறு பதிவுகளில் சிதறிக் கிடக்கும். இவற்றைச் சேர்த்துப் பார்ப்பவன், விசா அலுவலகத்திலிருந்து பேசுவதாக உங்கள் அம்மாவுக்குப் போன் செய்து, பையனின் படிப்பு முதல் பயணத் தேதி வரை சரியாகச் சொல்வான். அம்மா நம்பிவிடுவார். செலவுகளைச் சொல்லுங்கள், கையிருப்பையும் தேதியையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.

நம்பிக்கை: விசா அதிகாரிகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

ஜெர்மனிக்கு இல்லாமல் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவர்கள் கவனிக்க: அமெரிக்க விசா விண்ணப்பம் 2019 முதல் சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறது. 2025 ஜூனில் மாணவர் விசா கேட்பவர்கள் அவற்றைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும் என்றும் அமெரிக்க அரசு அறிவித்தது. “பாலன்ஸ் காட்ட மாமாவிடம் கைமாற்று வாங்கினேன்” என்று எழுதியது அங்கே வாசிக்கப்படலாம். கைமாற்றுப் பணத்தைச் சொந்தச் சேமிப்பு என்று காட்டுவதே தவறு.

நம்பிக்கை: சம்பாதிப்பது நான், கணக்கும் என்னுடையது.

அந்தக் கணக்கில் அப்பாவின் சர்க்கரை மாத்திரை இருக்கிறது. மனைவியின் அடகு வைத்த வளையல் இருக்கிறது. தம்பி திருப்பித் தராத கடன் இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் இதையெல்லாம் போடுவது அநியாயம். மருத்துவம், கடன், நகை மூன்றையும் ‘குடும்பச் செலவு’ என்ற ஒரே வரியில் அடக்கிவிடலாம். படிப்பவருக்கு அதனால் எந்த நஷ்டமும் இல்லை.

கணக்குப் போடும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் விமான டிக்கெட்டோடு நிறுத்திவிடுகிறீர்கள். போய் இறங்கிய முதல் 3 மாதச் செலவையும் போடுங்கள். ஜெர்மனியில் வீட்டுக்கு அட்வான்ஸாக 3 மாத அடிப்படை வாடகை வரை கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அந்தத் தொகையை எங்கிருந்து புரட்டினீர்கள் என்பதுதான் அடுத்துக் கிளம்புபவருக்குத் தெரிய வேண்டியது.