கட்சியும் ஊராட்சியும்

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்த திருத்தணியை உதாரணமாகக் கொள்வோம். மலையடிவாரத்திலுள்ள நகராட்சியில் கட்சிச் சின்னத்துடன் உறுப்பினர் பதவிக்குப் போட்டியிடலாம். 2022 பிப்ரவரி 19-ல் தமிழகமெங்கும் நடந்த நகர்ப்புறத் தேர்தல் அவ்வாறே நடைபெற்றது. நகராட்சித் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர்.

நகர எல்லையைத் தாண்டிய கிராமங்களில் முறை வேறு. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் நடைபெறும் தேர்தலில் ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் இல்லை. ஊராட்சி ஒன்றிய, மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கோ உண்டு. ஒரே ஏரி நீரைப் பகிர்ந்துண்போர் கொடியால் பிரிதல் தகாதன்றோ!

எனினும், சின்னத்தை விலக்கியதால் மனத்திலுள்ள கட்சி நீங்கிவிடாது. தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். துணைத் தலைவரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். ஊராட்சிப் பணத்தை வழங்க இருவர் ஒப்பமும் வேண்டும். இருவரும் பிணங்கினால் குடிநீர்க் குழாயைப் பழுது பார்த்தவரின் கூலி நின்றுபோகும். அடுத்த முறை அவர் வரமாட்டார். தண்ணீரின்றித் தவிப்போர் எல்லாக் கட்சியினருமே.

ஆகவே, உறுப்பினர்கள் தம் மாறுபட்ட கருத்தைக் கூட்டத்திலேயே கூறித் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவேண்டும். முடிவான பணியைத் தடுத்தலாகாது. விவசாயிகளும் கிராம சபைக்குத் தவறாது வந்து வரவு செலவைக் கேட்டறிய வேண்டும். அங்கு நாம் அனைவரும் அவ்வூர் வாக்காளரே.