உள்ளங்கை எந்திரமும் உளி பிடித்த கையும்

பால்மரம் சீவுவோர்க்கு ஒரு மில்லிமீட்டரின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. உள்ளிருக்கும் வளர்படலத்துக்கு மேல் ஏறக்குறைய அவ்வளவு பட்டையை விட்டுவைத்தே சீவுகின்றனர். உளி அதைத் தாண்டினால் புதுப்பட்டை மேடுபள்ளமாக வளரும். தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்ட கிள்ளான் பள்ளத்தாக்கில், அந்தக் கைப்பழக்கம் பிள்ளைகளுக்கு இனி எங்கே உதவும் என்று பெற்றோர் கேட்கின்றனர். உலோகக் கடைசல் தொழிலில் உதவும் என்போம்.

இத்தொழில் நம்மவர்க்குப் புதிதன்று. கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 1886இல் ரயில் ஓடத் தொடங்கிற்று. பின்னர் செந்தூலில் எழுந்த ரயில் பட்டறையில் தமிழர் பலர் பணிபுரிந்தனர். பிரிக்பீல்ட்ஸ் ரயில் குடியிருப்புகளிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. நீராவி எஞ்சினின் சிலிண்டரும் பிஸ்டனும் பெரியவை. அவற்றை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் வேலை எளிதாகும் என்றா நினைக்கிறீர்கள்? மாறாக, கடினமாகிறது.

மாதிரி விமானத்துக்குரிய சிறு டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். துளையின் விட்டம் 15 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 14 மி.மீ. என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 2.5 கன செ.மீ. இதில் தீப்பொறிக்குத் தனிக் கருவி இல்லை. காற்றும் எரிபொருளும் நெருக்கப்படும்போது எழும் வெப்பமே பற்றவைக்கிறது. பிஸ்டனைச் சுற்றிக் காற்று கசிந்தால் எஞ்சின் உயிர் பெறாது. இரண்டுக்கும் இடைவெளி ஒரு மி.மீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே இருக்கலாம். தலைமயிரைக் குறுக்கே பத்தாக வகுத்தால் வரும் ஒரு கூற்றினும் அது குறைவு.

லேத்து எந்திரம் மட்டும் இதைத் தராது. முதலில் எஃகுச் சிலிண்டரின் துளையைச் சற்றுச் சிறிதாகக் கடைவர். பின்னர் பித்தளைத் தண்டில் எண்ணெயும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் பூசி, மெதுவாகச் சுழற்றி, முன்னும் பின்னும் ஓட்டித் தேய்ப்பர். பித்தளை எஃகினும் மென்மையானது. ஆதலால் தூள் பித்தளையில் பதிந்து எஃகை அரிக்கும். துளையின் மேற்பகுதி மிகச் சிறிதளவு குறுகலாக இருத்தல் நன்று. ஓடும்போது அப்பகுதியே அதிகம் சூடேறி விரியும்.

துளை முடிந்த பிறகே வார்ப்பிரும்புப் பிஸ்டனை அதற்குப் பொருத்தமாகத் தேய்க்கவேண்டும். உள்ளே ஒரு நுண்ணளவைத் திருத்துவதினும் வெளியே திருத்துவது எளிது. அவசரத்தில் இவ்வரிசையை மாற்றிச் செய்து, நாம் ஒரு பிஸ்டனைக் குப்பையில் போட்டதுண்டு. கையில் வைத்திருந்த சூட்டோடு அளந்ததும் அன்றைய பிழையே. பத்துப் பாகை வெப்பம் ஏறினால் 15 மி.மீ. எஃகு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு விரியும். அவ்வளவே போதும் கணக்கைக் கெடுக்க.

சோதிப்பதற்கு முன் இரண்டையும் மண்ணெண்ணெயில் நன்கு கழுவுக. தங்கிவிடும் தூள், எஞ்சின் ஓடும்போதும் அரித்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் தடவிய பிஸ்டனை உட்செலுத்தி, சிலிண்டரின் மேல்வாயை விரலால் அழுத்தி மூடி, பிஸ்டனை மேலே தள்ளிக் கையை விடுக. அது துள்ளித் திரும்பினால் வேலை சரி.

ஈத்தர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருளே இதற்கு வேண்டும். ஈத்தர் எளிதில் தீப்பற்றும். அதைப் பயிற்றுநர் இன்றி எவரும் கையாளலாகாது. கடைசலைக் கற்க விரும்பும் இளைஞர்கள் மனிதவள அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையங்களில் விசாரிக்கலாம்.