வேலைக்குப் போகும் வழியில்

பேராக் மாநிலத்தின் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் அதிகத் தூரம் இருந்ததில்லை. தொழிலாளர்கள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, லயத்திலிருந்து நடந்தே பால்மரக் காட்டுக்குள் போனார்கள். பாம்பு கடித்தது, பால் வாளியோடு சறுக்கி விழுந்தது, மரம் சீவும் கத்தி கையைக் கிழித்தது என விபத்துகள் பெரும்பாலும் தோட்டத்து எல்லைக்குள்ளேயே நேர்ந்தன.

அப்போதும் சட்டம் இருந்தது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையில் காயமடைந்தவருக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும். ஆனால், குடியிருக்கும் வீடும் துரையின் கையில், நாளைய வேலையும் துரையின் கையில். அப்படி இருக்கும்போது அவரிடமே இழப்பீடு கேட்டு நிற்பது எத்தனை பேரால் முடியும்?

1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. அதன்படி 1971இல் அமைந்த சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தைத்தான் மக்கள் ‘சொக்சோ’ என்கின்றனர். பெர்கேசோ என்பதும் அதுவே. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். விபத்து நேர்ந்தால் பணத்தைத் தருவது சொக்சோ, முதலாளியல்லர். விபத்து யாருடைய தவற்றால் நேர்ந்தது என்று மெய்ப்பிக்க வேண்டியதும் இல்லை. அதற்கு ஈடாக, சந்தா செலுத்தப்பட்ட தொழிலாளி அதே காயத்துக்காகத் தம் முதலாளிமீது வழக்குத் தொடுக்க முடியாது.

இன்று அந்தத் தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவோ தாமான்களாகவோ மாறிவிட்டன. பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் பத்து காஜாவிலும் குடியிருந்து, ஈப்போவின் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகின்றனர். ஆபத்து காட்டிலிருந்து சாலைக்கு இடம் மாறியிருக்கிறது. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

இங்குதான் பலரும் அறியாத ஒரு விதி உதவுகிறது. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் வழியிலும், திரும்பும் வழியிலும், அனுமதிக்கப்பட்ட உணவு வேளையில் சாப்பிடப் போகும் வழியிலும் நேரும் விபத்தைச் சட்டம் வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதுகிறது. ஆயினும், பயணம் இடையில் நின்றாலோ வழி மாறினாலோ இந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை முடிந்து நேரே வீடு திரும்பும்போது விழுந்தவருக்கு உரிமை உண்டு. இரவுச் சந்தைக்குத் திரும்பும் சாலையில் விழுந்தவருக்கு அது மறுக்கப்படலாம். விழுந்த இடம் எது, நேரம் என்ன என்பவை இதனால்தான் முக்கியமாகின்றன.

செம்மோரிலிருந்து தாசேக் தொழிற்பேட்டைக்குப் போகும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். குறுக்குச் சாலையிலிருந்து வந்த லோரி மோதி அவருடைய கை முறிகிறது. சாலை விபத்தைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். செய்தி தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்புச் சான்று, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வழியைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றைக் குடும்பத்தினர் திரட்டி வைக்க வேண்டும். வலியும் கவலையும் சூழ்ந்த அந்த முதல் வாரத்தில் தாள்களைப் பற்றி யாருக்கும் நினைவு வராது. பிறகு தேடும்போதோ பாதி கிடைக்காது.

விபத்து நாளையும் சேர்த்து குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால், நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நாளொன்றுக்கு 60 ரிங்கிட் என்று கணக்கிடப்பட்டவருக்கு 48 ரிங்கிட். கை முழுமையாகக் குணமாகாவிட்டால், மருத்துவக் குழு அந்த ஊனத்தை விழுக்காட்டில் மதிப்பிடும். அது 20 விழுக்காட்டுக்கு மேற்போனால், தொகையின் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறலாம்; எஞ்சியது வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும்.

தவறு லோரி ஓட்டுநருடையது என்றால் இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அவர்மீது வழக்குத் தொடுத்து, லோரியின் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து இழப்பீடு பெறலாம். சாலை விபத்து வழக்குகளைத் தொகை வரம்பின்றி செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கும். பொதுவாக 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எதிராளி அரசாங்கமாக இருந்தால் 3 ஆண்டுகளே. சொக்சோவைப் போலன்றி, இங்கே யார் தவறு என்பதை மெய்ப்பிக்க வேண்டும். எதிர்கால வருமானத்தையும் கேட்கலாம். ஆனால், சம்பளச் சீட்டே இல்லாமல் கைக்காசாக வாங்கி வேலை செய்தவர் தம் வருமானத்தை நிறுவத் திணறுவார்.

மருத்துவமனைக் கட்டிலருகே வந்து, “அண்ணே, ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்” என்பவர்களும் உண்டு. கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும், வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் வருந்துவோர் இல்லாமலில்லை.

உணவு விநியோகிப்போர் போன்ற சுயதொழிலாளர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. 2017இல் அவர்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. சந்தாவை அவர்களே கட்ட வேண்டும்.

பணம் மட்டும் முறிந்த கையைச் சரிசெய்யாது. காயமடைந்தவரை மீண்டும் வேலைக்கு அனுப்பும் திட்டத்தைச் சொக்சோ 2007இல் தொடங்கியது. ஈப்போ, மேரு ராயாவில் அதன் மறுவாழ்வு மையம் ஒன்றும் உள்ளது. விரல்கள் பழையபடி மடங்காத ஓர் இயந்திர இயக்குநர், பயிற்சிக்குப் பின் அதே தொழிற்சாலையின் கிடங்கில் சரக்குக் கணக்கைப் பார்க்கும் வேலைக்கு மாறிக்கொள்ளலாம்.