விளக்கொளிக்கு அப்பால்: இரவுச் சாலையில் விலங்குகளும் மோட்டார் சைக்கிளோட்டிகளும்

மலேசியாவில் தோட்டப்புறத்துத் தமிழர்களின் வாழ்க்கையிலிருந்து மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்க்க முடியாது. மரம் வெட்டப் போனதும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டதும், இன்று தொழிற்சாலை ஷிப்டுக்குப் போவதும் அதே கப்சாய் மோட்டாரில்தான். நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களுடையவை என்பது வாசகர்கள் அறிந்ததே. வேகம், குடி, மழை, குழி என்று காரணங்களை அடுக்குகிறோம். இரவில் சாலையைக் கடக்கும் விலங்கு அந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் நம் நினைவுக்கு வருகிறது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு.

நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது, ஒரு நாள் இரவு 11 மணி ஷிப்ட் முடித்து வந்த அப்பா, வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு காட்டுப்பன்றியின்மீது மோதி விழுந்தார். தோள்பட்டை எலும்பும் தொடை எலும்பும் முறிந்தன. தொழிலாளர்களை ஏற்றி வந்த ஒரு வேன் அவரைக் கண்டது. ஏழு மாதம் வேலை இல்லை. அதைவிட அப்பாவை வருத்தியது மற்றவர்களின் பேச்சுதான். “நேராகப் போகிற ரோட்டில் இவ்வளவு பெரிய பன்றி கண்ணுக்குத் தெரியவில்லையா?” என்றார்கள். தூங்கியிருப்பார் என்றார் சித்தப்பா. தண்ணி போட்டிருப்பார் என்று வேறு சிலர். அப்பா குடிப்பவர் அல்லர். “ஒண்ணுமே தெரியலப்பா, திடீர்னு முன்னால நின்னுச்சு” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் சொன்னது உண்மையாக இருக்க முடியுமா? பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகுதான் எனக்கு விடை கிடைத்தது.

பூனையின்மீது இரவில் விளக்கடித்தால் அதன் கண்கள் பளபளப்பதைப் பார்த்திருப்போம். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதே அதற்குக் காரணம். மாடு, ஆடு, மான், நாய், மரநாய் ஆகியவற்றுக்கும் இது உண்டு. நாம் விலங்கின் உடலைப் பார்ப்பதற்கு முன்பே அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்துவிடுகிறோம். நமக்குத் தெரியாமலேயே அவற்றை ஓர் எச்சரிக்கை விளக்காக நம்பிப் பழகிவிட்டோம். ஆனால் பன்றி இனத்திற்கு இந்தப் படலம் இல்லை. மனிதனுக்கும் இல்லை. கருஞ்சாம்பல் நிற உடம்பு, பளிச்சிடாத கண், கறுப்புத் தார், இருபுறமும் செம்பனை நிழல். இவை ஒன்றுசேர்ந்தால் பன்றி மிக அருகில் வரும்வரை தெரியாது. மாடும் நம் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தால் மட்டுமே கண் மின்னும். முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் கறுப்பு மாட்டுக்கும் பன்றிக்கும் அந்த நேரத்தில் வேறுபாடு இல்லை. பகல் முழுதும் வெயிலில் காய்ந்த தார் இரவிலும் சூடாக இருப்பதால் மாடுகளும் பாம்புகளும் அதைத் தேடி வருகின்றன.

விலங்கு தெரிந்த பிறகு நிறுத்த முடியுமா என்பது அடுத்த கேள்வி. இதற்குச் சிறிது கணக்கு வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். எதிர்பாராத ஒன்றைக் கண்டு, அது என்னவென்று உணர்ந்து, கை பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் பிரேக் நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் 23 மீட்டர் வேண்டும். மொத்தம் 48 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் இது 90 மீட்டர் ஆகிவிடும். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது. தூரமோ கிட்டத்தட்ட இரு மடங்கு.

சென்ற விடுமுறையில் தம்பியும் நானும் ஒரு சோதனை செய்தோம். உரச்சாக்கு ஒன்றில் காய்ந்த மட்டைகளைத் திணித்து, கறுப்புத் துணி சுற்றி, தோட்டச் சாலை நடுவில் வைத்தோம். தூரத்திலிருந்து தாழ்ந்த விளக்கோடு மெதுவாக வண்டியை ஓட்டி வந்து, சாக்கு தெரிந்த இடத்தில் நிறுத்தி எட்டு வைத்து அளந்தோம். 30 எட்டு, அதாவது சுமார் 23 மீட்டர். அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்த எங்களுக்கே இவ்வளவுதான். 23 மீட்டருக்குள் நிற்க வேண்டுமானால் வேகம் 36 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அப்பா எப்போதும் 50-இல் வருபவர். நல்ல கண்பார்வையும் தெளிந்த மனமும் இருந்தாலும் அன்றிரவு அவரால் நிறுத்தியிருக்க முடியாது.

எதிரே வண்டி இல்லாதபோது உயர்ந்த விளக்கைப் போடுவதால் இந்தத் தூரம் கணிசமாகக் கூடும். நம்மவர்கள் பலர் அதை மறந்தே விடுகிறார்கள். பழைய கப்சாய்களில் இயந்திரம் மெதுவாகச் சுழன்றால் விளக்கும் மங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரவில் கறுப்பு வைசர் போடுவதும், வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டுவதும் இரண்டுமே தவறு. கண்ணில் மோதும் ஒரு வண்டு போதும், ஆளைச் சாய்க்க. பன்றிகள் கூட்டமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கும் பழக்கமுடையவை. ஒன்று கடந்துவிட்டது என்று விசையைத் திருகினால் இரண்டாவதன்மீது மோதுவோம். மோதல் தவிர்க்க முடியாதது என்றால், கைப்பிடியை இறுகப் பற்றி நேர்கோட்டில் பிரேக் பிடிப்பதே நல்லது. சட்டென்று வெட்டித் திருப்பினால் பன்றி தப்பிவிடும், நாம் செம்பனை மரத்தில் மோதுவோம், அல்லது எதிரே வரும் லோரியில்.

ஜொகூரில் குளுவாங்கிலிருந்து காஹாங் வழியாக மெர்சிங் போகும் சாலையை அறிந்தவர்கள் அங்குள்ள யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகளையும் அறிவார்கள். எண்டாவ் ரொம்பின் காடு அந்தப் பக்கம்தான். தெனுக்கும் அங்கு உண்டு. (தோட்டத்தில் நாங்கள் இதை மலாய்ப் பெயராலேயே அழைத்தோம். தமிழ்ப்பள்ளிப் பாடநூலில் படித்த ‘தாபிர்’ இதுதான் என்று இடைநிலைப்பள்ளியில்தான் எனக்குப் புரிந்தது!) முன்பாதியும் கால்களும் கறுப்பு, நடு உடல் வெள்ளை. பகலில் வேடிக்கையாகத் தெரியும் இந்த நிறம் இரவில் விலங்கின் உருவத்தையே உடைத்துவிடுகிறது. வெள்ளைப் பகுதியை மட்டும் கண்டு வளைந்து போக நினைப்பவன் கறுப்புத் தலையில் மோத வாய்ப்புண்டு. வளர்ந்த தெனுக் 250 கிலோவுக்கு மேல் இருக்கும். அழியும் ஆபத்திலுள்ள விலங்கு அது. மோதினால் இழப்பு இரு பக்கமும்தான்.

யானை விஷயம் வேறு. 1982-இல் திறக்கப்பட்ட கிரிக்-ஜெலி கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை பெலும்-தெமெங்கோர் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. சாலைக்காகக் காட்டை வெட்டிய ஓரங்களில் புல்லும் வாழையும் மூங்கிலும் செழித்து வளர, அவற்றைத் தின்ன யானைகள் சாலைக்கே வருகின்றன. கழுத்துப்பட்டை மாட்டி ஆராய்ந்தபோது அவை பெரும்பாலும் இரவில்தான் சாலையைக் கடக்கின்றன என்று தெரியவந்தது. 2025 மே 11, அன்னையர் தினத்தன்று, அச்சாலையில் லோரி மோதி ஒரு யானைக்கன்று இறந்தது. லோரிக்கடியில் கிடந்த கன்றை விட்டு நகராமல், தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது. லோரியில் இருந்தவர்களைச் சுற்றி இரும்பாவது இருந்தது. மோட்டாரில் போகிறவருக்கு அதுவும் இல்லை. ஆகவே சாலையில் புதிய சாணமோ முறிந்த மூங்கிலோ கண்டால் வேகத்தைக் குறையுங்கள். யானையே தெரிந்தால் தூரத்திலேயே நில்லுங்கள். ஹார்ன் அடிக்காதீர்கள், உயர்ந்த விளக்கைக் காட்டாதீர்கள், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே புகுந்து போக எண்ணாதீர்கள். மெதுவாகத் திரும்பிச் சென்று, பின்னால் ஒரு கார் வரும்வரை காத்திருப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

விழுந்த பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். “பன்றிமேல் யார் போலீஸில் புகார் கொடுப்பது?” என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் விபத்து நடந்தால் 24 மணி நேரத்திற்குள் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். வேலைக்குப் போகும் வழியிலும் வேலையிலிருந்து திரும்பும் வழியிலும் நேரும் விபத்து சொக்சோ பாதுகாப்பில் அடங்கும். எதிரே வேறொரு வண்டி இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவ விடுப்பில் இருக்கும் காலத்திற்குக் கணக்கிடப்பட்ட நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால் புகார், மருத்துவச் சான்றிதழ், வேலை நேரப் பதிவு மூன்றும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் தாமதமாகத்தான் விழித்துக்கொண்டோம். அந்தப் பணம் வரும்வரை அம்மா தன் சங்கிலியை அடகுக் கடையில் வைத்திருந்தார்.

சாக்குச் சோதனை முடிந்த இரவு, பன்றியின் கண்ணைப் பற்றியும் 23 மீட்டரைப் பற்றியும் அப்பாவிடம் தாளில் எழுதியே விளக்கினேன். கணக்கை அவர் முழுதாகப் பார்க்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “தம்பி, தீபாவளிக்குச் சித்தப்பா வருவாரில்ல, அவர்கிட்ட இதை ஒரு தடவை சொல்லு” என்றார்.