தொடைப் பொருத்தின் கீல்வாதம்

"இடுப்பு வலி" என்னுஞ் சொல் நம் நாட்டிற் பல துன்பங்களுக்குப் பொதுப் பெயராய் வழங்கி வருகிறது. முதுகந்தண்டின் அடியில் உண்டாகும் நோவும் இடுப்பு வலியே. பிரசவ வேதனையும் இடுப்பு வலியே. ஆதலின், இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு தொழிலாளி வைத்தியசாலைக்குச் சென்று இடுப்பு வலிக்கிறதென்று கூறின், கேட்போர் கருத்து முதலில் அவர் முதுகின்மீதே செல்லும். தொடையெலும்பின் தலை இடுப்பெலும்பின் குழியில் அமர்ந்து சுழலும் இடத்திற்கு மக்கள் பேச்சில் திட்டமான பெயர் வழங்காமை, அவ்விடத்து நோய் காலந்தாழ்த்து அறியப்படுவதற்கு ஒரு காரணமென்று நாம் எண்ணுகிறோம். இக்கட்டுரையில் அதனைத் தொடைப் பொருத்து என்று குறிப்போம்.

உருண்டையான அத்தலையையும் கிண்ணம்போன்ற அக்குழியையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இது தேய்ந்து எலும்போடு எலும்பு உராய்வதே கீல்வாதம். குருத்தெலும்புக்கு நரம்பில்லை, ஆகையால் தேய்வு தொடங்குங் காலத்தில் நோவு தோன்றுவதில்லை. தோன்றும்போதும் அது பெரும்பாலும் பின்புறத்திலன்று, தொடை வயிற்றோடு சேரும் கவட்டிலேயே காணும். அங்கிருந்து தொடையின் முன்புறமாய் இறங்கும். பொருத்துக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்புகளின் கிளைகள் செல்வதால், சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலிப்பதுண்டு. குற்றமற்ற முழங்காலுக்கு மாதக்கணக்காய்த் தைலந் தேய்த்துக்கொண்டிருப்போர் பலர்.

வலியினும் முந்தி அறிவிப்பது அசைவின் குறைவு. சம்மணமிட்டு உட்காருதல், கால் நகங்களைக் களைதல், மாநகரப் பேருந்தின் உயர்ந்த படியில் ஏறுதல், காசிமேட்டிற் குந்தியிருந்து வலை செப்பனிடுதல் ஆகியவை மெல்ல மெல்ல அரியனவாகும். காலையில் எழுந்தவுடன் பொருத்து இறுகி நின்று அரைமணிக்குள் தளரும். மாணவர் எளிதிற் செய்து பார்க்கத்தக்க சோதனையொன்றுண்டு. விசுப்பலகையில் ஒருவரை உட்காரச் செய்து, தொடையை அசையாமற் பிடித்து, பாதத்தை மட்டும் வெளிப்புறமாய் மெல்லத் தள்ளுக. அப்போது தொடையெலும்பு உட்புறமாய்த் திரும்பும். இத்திருப்பம் மறுகாலினுங் குறைந்து, கவட்டில் நோவும் எழுமாயின் பொருத்தை ஐயுறுதல் தகும்.

பாரஞ் சுமப்போர்க்கு இந்நோய் மிகுதியென்பது ஆராய்ச்சியாற் கண்டது. 1992இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று, பத்தாண்டுக்குமேல் வயலில் உழைத்தோரிடம் இது பெரிதும் மிகுந்திருந்ததைக் காட்டிற்று. நம் துறைமுகத்தில் 1983இல் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. அதற்குமுன் மூட்டை சுமந்தே சரக்கிறக்கிய இளைஞர் இன்று முதியோராயுள்ளனர். அவர்தம் கால் நொண்டுதலை மூப்பென்று தள்ளிவிடலாகாது.

இளையோர் நிலை வேறு. நம் நாட்டில் தொடைப் பொருத்துக் கெடுவது பலருக்கு வெறுந் தேய்வினாலன்று. மதுப் பழக்கத்தாலும், ஸ்டீராய்ட் மருந்தை அளவின்றி உட்கொள்வதாலும் தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்பட்டு, எலும்பு மாண்டு இடிந்துபோவதுண்டு. தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் இது புலப்படாமற் போகலாம், எம்.ஆர்.ஐ. படமே காட்டும். பெயரெழுதாத வலிப்பொடிகளில் ஸ்டீராய்ட் கலந்திருந்தது கண்டறியப்பட்டதுண்டாதலின், அவற்றை விலைகொடுத்து வாங்கிய விஷமென்றே நாம் சொல்வோம். காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் மிகும் நோவு ஆகியவை எலும்புருக்கி நோயின் குறியாகலாம். வாலிபர்க்கு விடியலில் இறுக்கம் ஒரு மணிக்குமேல் நீடித்து, நடந்தால் தணியுமாயின், அது முதுகெலும்பைப் பற்றும் வாதமாகலாம். கீழே விழுந்த முதியோர் கால் ஊன்ற இயலாதிருப்பின் எலும்பு முறிந்ததென்றே கொண்டு, உருவித் தேய்க்காமல் ஆஸ்பத்திரி சேர்த்தல் வேண்டும்.

இனிப் பரிகாரம். உடற்பாரங் குறைத்தலும், பிட்டத்துத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், தரையை விடுத்து உயர்ந்த ஆசனத்திலும் மலங்கழிக்கும் நாற்காலியிலும் அமர்தலும் முதன்மையானவை. வலிமாத்திரைகள் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடுமாதலின் மருத்துவர் சொற்படியே கொள்ளத்தக்கவை.

கைத்தடியைப் பற்றிச் சற்று விரிவாய்க் கூறவேண்டும். ஏனெனில் அதனைப் பிடிப்போருட் பலர் நோயுள்ள பக்கத்திலேயே பிடிக்கின்றனர். வலக்காலொன்றை ஊன்றி நிற்கையில், உடற்பாரம் பொருத்துக்கு இடப்புறமாய்ச் சாய்கிறது. அதனைச் சரிய விடாமல் வலப் பிட்டத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. பாரமும் இழுப்பும் சேர்ந்து பொருத்தை அழுத்துவதால், சாதாரண நடையிலேயே உடலெடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை அதன்மேல் விழும். வெள்ளிக்கோலில், பிடியினின்று தொலைவிலுள்ள சிறு குண்டு அருகிலுள்ள பெரும் பாரத்தைத் தாங்குவதைக் கண்டிருப்போம். அம்முறையே, இடக்கையில் ஊன்றிய தடி பொருத்தினின்று தொலைவில் நிற்பதால், சிறிது அழுத்தினாலும் தசையின் உழைப்பைப் பெரிதுங் குறைக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கையில் தடியின் பிடி மணிக்கட்டின் உயரத்திலிருத்தல் நன்று. தடி பிடித்தல் கிழத்தனமென்று நாணும் ஆடவர் இக்கணக்கையேனும் எண்ணிப்பார்ப்பாராக.

இவற்றால் தணியாதோர்க்குச் செயற்கைப் பொருத்து அமைக்கும் சத்திரசிகிச்சை உளது. ஜான் சார்ன்லி என்னும் ஆங்கில மருத்துவர், முன்பு இட்ட டெப்லான் கிண்ணங்கள் விரைவில் தேய்ந்தமை கண்டு, 1962இல் பாலிதீனாலான கிண்ணத்தைப் பயன்படுத்தி வெற்றி பெற்றார். 2019இல் வெளியான கணக்கின்படி, நூற்றுக்கு 58 செயற்கைப் பொருத்துக்கள் இருபத்தைந்தாண்டு நிலைக்கின்றன. வடசென்னை மக்கள் இதற்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 1782இன் பஞ்சத்திற் கஞ்சி வார்த்த சத்திரத்தினின்று வளர்ந்து, முதியோர் நாவில் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாய் வழங்கிய ஸ்டான்லி மருத்துவமனையில் இச்சிகிச்சை நடைபெறுகிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதற்குண்டு. அங்குச் செல்வோர், அல்லது வீட்டுப் பெரியோரை அழைத்துச் செல்லும் மாணவர், "இடுப்பு" என்று கூறி நின்றுவிடாமல், நோவும் இடத்தை விரலாற் சுட்டிக் காட்டுக. நகம் வெட்ட முடியாமை எப்போது தொடங்கிற்று என்பதையுஞ் சொல்லுக.