கம்பளிப் பொம்மை கற்க வருகிறவர்களுக்கு

மேல்கோட்டை வெயிலில் கம்பளியா என்று சிரிப்பவர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். நாம் செய்வது போர்த்திக்கொள்ள அல்ல, குழந்தை கடிக்க. கீழே சொல்வதெல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

1. ரோமம் பார்த்து வாங்குங்கள். நம் பக்கத்துப் பன்னூர் ஆடு கறிக்குப் பேர்போனது. அதன் முரட்டு மயிர் இதற்கு உதவாது. குருபர்கள் கம்பளி நெய்யும் தக்காண ஆட்டு ரோமத்தைப் பொம்மைக்குள் திணிக்கலாம். ஆனால் அது கன்னத்தில் பட்டால் குத்தும். மேலே போர்த்த நீலகிரி ஆட்டு ரோமம் நல்லது. 19-ஆம் நூற்றாண்டில் நாட்டு ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் சேர்ந்து வந்த இனம் அது. கொடைக்கானல் மன்னவனூரில் வளர்க்கும் பாரத் மெரினோவும் நயமாக இருக்கும்.

2. அழுக்கு ரோமத்தை வெந்நீரில் சோப்பு கரைத்து ஊறவிடுங்கள். கசக்கவே கூடாது. ஒவ்வொரு இழையிலும் மீன் செதிள்போல அடுக்கு உண்டு. சூடும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் செதிள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. ஃபெல்ட் தொழிலே இந்தக் கவ்வல்தான், ஆனால் கழுவும்போது நடந்தால் ரோமம் வீண்.

3. முதல் பாடம் பந்து. மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, சோப்பு வெந்நீரில் நனைத்து, பூப்போல உருட்டுங்கள். மேல்தோல் பிடித்த பிறகே அழுத்தம். நன்றாகச் சுருங்கும், அதனால் பெரிதாகவே தொடங்குங்கள். கிள்ளினால் மேல்தோல் தனியே எழும்பாதபோது ஆயிற்று. சீயக்காய் போதாதா என்று கேட்பார்கள். அது புளிப்பு, இதற்குச் சோப்பின் காரம் வேண்டும்.

4. ஊசி வேலை பிறகு. ஃபெல்ட் ஊசியின் பக்கங்களில் சிறு வெட்டுகள் இருக்கும். நேராகக் குத்தி நேராக எடுக்காவிட்டால் முனை உள்ளேயே முறியும். காந்தம் வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பொம்மை உங்கள் அலமாரிக்கு. எவ்வளவு அழகான யானையானாலும் சரி.

5. மணிக்கண், பொத்தான் மூக்கு வேண்டாம், நூலால் தையுங்கள். ஐ.எஸ். 9873 தரப்படி, 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் 31.7 மி.மீ. அகலச் சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கக் கூடாது. பந்தானால் 44.5 மி.மீ. துளை வழியே முழுதாக நுழைந்துவிடக் கூடாது. கம்பளிப் பந்து கழுவக் கழுவ இன்னும் சுருங்கும் என்பதால், 6 செ.மீ.க்குக் குறைந்து நான் செய்யவிடுவதில்லை.

6. சாயம். சுரேந்திர கௌலகி 1960-இல் நம் ஊரில் தொடங்கிய ஜனபத சேவா டிரஸ்டின் கைத்தறித் துணியைப் பார்த்துவிட்டு, அதேபோல் போடலாமே என்பீர்கள். பருத்தி கடுங்காரத்தைத் தாங்கும், கம்பளி தாங்காது. படிகாரம் போட்டு மஞ்சிட்டியிலோ மாதுளைத் தோலிலோ மெதுவாகச் சூடாக்கி, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். மயில்துத்தம் கூடவே கூடாது. மஞ்சள் வெயிலில் வெளுக்கும், எச்சிலில் ஒட்டும். ஈர வெள்ளைத்துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் இறங்கினால் குழந்தைக்குத் தராதீர்கள்.

7. புளியோதரை சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வாருங்கள். எண்ணெய்க்கறை போகாது.

8. விற்பனை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞருக்கு விலக்கு உண்டு. எனவே நம் கோயிலின் வைரமுடி சேவைத் திருவிழாக் கூட்டத்தில் கடை விரிக்குமுன் பதிவை முடியுங்கள். ஒவ்வொரு பொம்மையோடும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரு சீட்டு வையுங்கள்: பச்சைத் தண்ணீரில் அலசவும், நிழலில் காயவைக்கவும், வாஷிங் மெஷினில் போடக் கூடாது.